மீன் கடிக்காத ஞாயிறுக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, நேத்து ராத்திரி நீ தூண்டில் கம்பைக் கதவோரம் சாத்தி வெச்சிட்டு, "இன்னைக்கும் கோசோங்தான்க்கா"ன்னு சொல்லிச் சாப்பிடாமலே படுத்துட்ட. கோசோங்னா 'வெறும்', பரோட்டாக் கடையில தினமும் கேக்கற மலாய்ச் சொல்தான். உன் வாயில இருந்து அது அவ்வளவு பாரமா விழுந்தது எனக்குத் தாங்கலை. ஃப்ளை ஃபிஷிங் பழக ஆரம்பிச்சு முதல் மீனை நான் கையில தொட நாலு மாசம் ஆச்சு. அந்த நாலு மாசம் கத்துக் கொடுத்ததைச் சொல்றேன், கேளு.

முதல்ல உன் லைனைப் பாரு. குளிர் நாட்டு ட்ரௌட் மீனுக்குன்னு செஞ்ச லைன் நம்ம சிங்கப்பூர் வெயில்ல இளகிப்போகும். கம்போட வளையத்துல ஒட்டும், தூரம் போகாது. நீ உன் தோளைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருப்ப. வெப்ப நாட்டுக்குன்னு தனி லைன் இருக்கு, டப்பாவுலேயே 'டிராபிக்கல்'னு போட்டிருக்கும். செலவு பண்றதா இருந்தா இதுக்குப் பண்ணு, புதுக் கம்புக்கு வேண்டாம்.

வீசிப் பழகறதைத் தண்ணிக்கிட்ட வெச்சுக்காதே. புளோக்குக்குக் கீழ ஆள் இல்லாத புல்வெளியா பார்த்து, முள்ளுக்குப் பதிலா ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டி வீசிப்பாரு. ரோல் காஸ்ட்டை முதல்ல கத்துக்க. அதுல லைன் உனக்குப் பின்னால பறக்காது. நம்ம நீர்த்தேக்கக் கரையில முதுகுக்குப் பின்னாடியே ஓடறவங்க, சைக்கிள்ல வர்றவங்க, பிள்ளையைத் தள்ளுவண்டியில வெச்சுத் தள்றவங்கன்னு ஆள் நடமாட்டம் ஓயாது. ஒரு பிள்ளை கண்ணுக்கு முன்னால எந்த மீனும் பெரிசில்லை. முள்ளோட எதிர்க்கொக்கியை இடுக்கியால நசுக்கிடு. தப்பித்தவறி யார் மேலயாவது ஏறினாலும் சுலபமா கழட்டலாம், மீனுக்கும் காயம் குறையும்.

எங்கே போறது? லிட்டில் இந்தியாவுல டௌன்டவுன் ரயில் ஏறினா மாறாமலே பிடோக் நீர்த்தேக்கத்துல இறங்கலாம். மண் தோண்டின பள்ளம்தான் பிறகு அந்த நீர்த்தேக்கம் ஆச்சு. கால்வாயைக் கண்ட இடத்துல எல்லாம் கம்பை விரிக்காதே. பொதுப் பயனீட்டுக் கழகம் பலகை வெச்சு அனுமதிச்ச இடத்துல மட்டும் நில்லு. மீறினா 3,000 வெள்ளி வரைக்கும் அபராதம். நீர்த்தேக்கத்துல உயிருள்ள இரை கூடாது, செயற்கை இரை மட்டும்தான். நம்ம ஃப்ளையும் செயற்கை இரைதான், அதனால சிக்கல் இல்லை.

நீ மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய் நின்னா மீன் எப்படி வரும்? கரையோரத் தண்ணி சுட்டதும் மீன் ஆழத்துக்கு இறங்கிடும். விடியற நேரம் போ. போனதும் வீசாதே, கால் மணி நேரம் சும்மா உக்காந்து பாரு. இதை நான் கெஞ்சிக் கேக்கறேன், ஏன்னா நான் தவறவிட்டதுல பாதி இந்த அவசரத்துலதான். தோமான் விரால் ஜாதி மீன், மூச்சு வாங்க மேல வந்தே ஆகணும். மேல வந்தா ஒரு வட்டம் விரியும். செம்மஞ்சள் குஞ்சுங்க கூட்டமா மேல கொப்புளிச்சா, கீழே தாயும் தகப்பனும் காவல் நிக்குதுன்னு அர்த்தம். அங்கே வீசாதே. பெத்ததுங்க சிக்கினா குஞ்சுங்க மிஞ்சறது கஷ்டம். நீர்நாய்க் குடும்பம் ஒண்ணு நீந்திப் போயிருந்தா, இடத்தை மாத்து. அதுங்க கலைச்சுவிட்ட தண்ணி அடங்க நேரம் பிடிக்கும்.

பீகாக் பாஸ் தென் அமெரிக்க மீன், யாரோ கொண்டாந்து விட்டது. பகல்ல கண்ணால பார்த்து வேட்டையாடும். அது கவ்வினதும் நீ கம்பை மேல தூக்கற. அது ட்ரௌட் வீடியோ பார்த்து வந்த பழக்கம். இதுக்கு அப்படிப் பண்ணினா முள் சரியா ஏறாது. கம்பு நுனி தண்ணிப் பக்கம் தாழ்ந்தே இருக்கட்டும், இடது கையால லைனை வெடுக்குன்னு இழு. போன வாரம் ரெண்டு தடவை தட்டிட்டுப் போச்சுன்னியே, அது இதனாலதான்னு நினைக்கிறேன்.

இடி முழங்கினா ஒரு வீச்சு கூட வேண்டாம். நம்ம கம்பு கார்பன், மின்சாரம் கடத்தும். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாசங்கள்ல மத்தியானத்து மேல இடிமழை அடிக்கடி வரும். கம்பைக் கீழே வெச்சிட்டுக் கட்டடத்துக்குள்ள போ, மரத்தடி வேண்டாம்.

ஒரு சின்ன நோட்டு வெச்சுக்க. மணி, காத்து, தண்ணி நிறம், எங்கே வட்டம் விரிஞ்சது, எல்லாம் எழுது. மீன் வராத நாள்ல நிறைய எழுத நேரம் இருக்கும். அறுந்த நூலைக் கரையில போடாம ஒரு டப்பாவுல போட்டுக் கொண்டுவா, பறவைங்க கால்ல சுத்திக்கும்.

இன்னொண்ணும் உனக்குத் தெரியணும். நம்ம தேக்காவுக்குப் பக்கத்துல ஓடற ரோச்சோர் கால்வாய் போய்ச் சேர்ற இடம் காலாங் ஆத்துப் படுகை. ஒரு காலத்துல பன்றிப் பண்ணைக் கழிவும், அங்காடிக் குப்பையும், சாக்கடையும் கலந்து, மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் அந்தப் பக்கம் போவாங்களாம். 1977ல அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவுல அப்போ பிரதமரா இருந்த லீ குவான் இயூ, பத்து வருஷத்துல சிங்கப்பூர் ஆத்துலயும் காலாங் ஆத்துலயும் தூண்டில் போட முடியணும்னு கேட்டார். 1987க்குள்ள ஆத்தைச் சுத்தம் பண்ணி முடிச்சாங்க. 2008ல மரினா அணைக்கட்டு வந்து, கடல் உள்ளே வர்றதும் நின்னு, போகப்போக அந்தப் படுகை நன்னீர் ஆச்சு. நான் வெறுங்கையோட திரும்பின நாள்ல காலாங் கரையில உக்காந்து இதைத்தான் நினைச்சுப்பேன். தண்ணிக்குள்ள நிழல் மாதிரி ஒரு மீன் திரும்பறது தெரியும். அதைப் பார்த்தாலே போதும்னு தோணும்.

வர்ற ஞாயிறு ஆறரைக்கு லிட்டில் இந்தியா ஸ்டேஷன் வாசல்ல நிப்பேன். கோப்பி நான் வாங்கிக்கறேன், நீ தொப்பியும் நோட்டும் எடுத்துக்க. திரும்பும்போது தேக்கா ஈரச்சந்தையில கொடுவா வாங்கிக் குழம்பு வைக்கலாம். சாப்பிட்டுட்டுத்தான் படுக்கணும்.