இரண்டு சாஃப்ட்வேர், ஒரே கஸ்டமர்: இணைக்கும் முன் என்ன செய்வது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு யூனிட், ஆந்திர எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டியில் இன்னொரு யூனிட் என்று நடத்தும் நிறுவனத்துக்கு ஒருவர் உதிரிபாகம் சப்ளை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கம்ப்யூட்டரில் அது ஒரு கஸ்டமரா, இரண்டா? விற்பனைப் பிரிவு ஜோஹோ சிஆர்எம்மிலும் சர்வீஸ் பிரிவு சேல்ஸ்ஃபோர்ஸிலும் தகவல் வைத்திருந்தால், இரண்டையும் இணைக்கும் முன் தீர்க்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கனெக்டர் வாங்குவதெல்லாம் பிறகு.

பெயரை வைத்துப் பொருத்தக் கூடாது. திருவள்ளூரையே ஆங்கிலத்தில் எச் போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். நம்பக்கூடியது 15 இடங்கள் கொண்ட ஜிஎஸ்டி எண். முதல் இரண்டு இடம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாடு 33, ஆந்திரம் 37. அடுத்த பத்து இடமும் பான் எண். பான் ஒன்றானால் நிறுவனம் ஒன்று. முன்னால் உள்ள எண் மாறினால் பில் போகும் மாநிலம் வேறு. ஆனால் காக்களூர், கும்மிடிப்பூண்டி இரண்டிலும் யூனிட் உள்ளவர் ஒரே 33 எண்ணில் பதிவு செய்திருக்கலாம். ஆகவே டெலிவரி முகவரிக்குத் தனிக் குறியீடு கொடுக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவே இல்லாத சிறு வாடிக்கையாளருக்கு மொபைல் எண்தான் அடையாளம். +91 சேர்ப்பதா வேண்டாமா என்பதை முன்பே முடிவு செய்து, எல்லா எண்ணையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்து, எந்தத் தகவலுக்கு யார் பொறுப்பு? எல்லாமே இருபக்கமும் ஓட வேண்டும் என்ற ஆசைதான் பெரும்பாலான சிக்கலுக்கு வேர். கொட்டேஷன், பேச வேண்டிய ஆள் இரண்டும் விற்பனைப் பிரிவில் மட்டும் மாறட்டும். புகார், வாரண்டி விவரம் சர்வீஸ் பிரிவில் மட்டும். எதிர்ப்பக்கம் பார்க்கலாம், திருத்தக் கூடாது. இதை ஒரு எக்செல் தாளில் வரிவரியாக எழுதி, இரு பிரிவுத் தலைவர்களின் கையெழுத்தையும் வாங்கிவிடுவது நல்லது.

இருவரும் திருத்தியே ஆக வேண்டிய தகவலுக்கு ‘கடைசியாக மாற்றியதே செல்லும்’ என்று விதி வைப்பார்கள். அங்கே நேரக் கணக்கு காலை வாரிவிடும். சேல்ஸ்ஃபோர்ஸ் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். மாலை 4 மணிக்குச் செய்த சரியான திருத்தம் அங்கே 10.30 என்று நிற்கும். இணைப்பு இந்த வித்தியாசத்தைக் கவனிக்காவிட்டால், மறுபக்கம் இந்திய நேரப்படி நண்பகல் 12 மணிக்கு நடந்த தவறான பதிவு ஜெயித்துவிடும்.

இணைப்பே செய்த மாற்றத்தைப் புது மாற்றமாக எண்ணித் திருப்பி அனுப்பாதபடி தடுக்க வேண்டும். அழிக்கும் கட்டளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடக்கவே கூடாது. ‘செயலில் இல்லை’ என்று குறித்தால் போதும்.

பிறகு இரு பக்கமும் பேக்கப். இரு மாநிலப் பதிவு, பதிவில்லாதவர், ஒரே எண்ணில் இரு முகவரி என ஒவ்வொரு வகையிலும் சிலரை எடுத்து ஒத்திகை பாருங்கள். முழு இணைப்பை மாதக் கடைசியில் தொடங்காதீர்கள். மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்பவர்கள் 11-ஆம் தேதி தாண்டியபின் தொடங்குங்கள்.