பதின்ம வயதுப் பிள்ளைகளும் நீரிழிவும்

சொந்தக் காணிக்குத் திரும்பியதும் வீடு திருத்துவது, கிணறு இறைப்பது, பதிவுகள் என்று உங்களுக்கு ஓயாத வேலை. இதற்கிடையில் வளர்ந்த பிள்ளைகளின் உடல்நலத்தையும் கவனியுங்கள். சலரோகம் எனப்படும் நீரிழிவு முதியோருக்கு மட்டும் வருவதல்ல.

இரண்டு வகை

முதலாம் வகையில் உடலில் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். இது இனிப்புச் சாப்பிட்டதால் வருவதல்ல. ஆகவே பிள்ளையையோ தாயையோ குறை சொல்லாதீர்கள். இதற்கு இன்சுலின் ஊசி கட்டாயம் தேவை. கசாயம் அதற்கு ஈடாகாது.

இரண்டாம் வகைக்குக் கூடிய உடல் எடை, உடலுழைப்புக் குறைவு, பரம்பரை ஆகியவை காரணமாகலாம். இதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

அறிகுறிகள்

கடும் தாகம், அடிக்கடி சலம் போதல், சாப்பிட்டும் மெலிதல், களைப்பு ஆகியவை தென்பட்டால் அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலையில் இரத்தத்தில் சீனியின் அளவைச் சோதிப்பியுங்கள். வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு ஆகியவையும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அது உயிராபத்து.

உணவு

நலன்புரி நிலையத்தில் கோதுமை மாவும் சீனியும் பழகிப்போயிருக்கலாம். இப்போது மெல்ல மாற்றுங்கள்.

• சேர்க்கும் சீனி நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது 6 தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது. இரண்டு கரண்டி வீதம் மூன்று தேநீர் குடித்தாலே அது முடிந்துவிடும்.
• சோடாப் போத்தலில் சிவப்பு அடையாளம் இருந்தால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உண்டு. தண்ணீரே நல்லது.
• ரொட்டி, பாணுக்குப் பதிலாக இடையிடையே அவித்த பயறு, கௌபி, குரக்கன் பிட்டு கொடுங்கள்.
• முற்றத்தில் முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி வையுங்கள்.
• நாளுக்கு 60 நிமிடமாவது ஓடியாடட்டும். பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

ஏற்கெனவே இன்சுலின் எடுக்கும் பிள்ளை

ஊர் மாறியதற்காக ஒரு நாளும் ஊசியை நிறுத்தாதீர்கள். கிளினிக் கொப்பியுடன் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் உடனே பதியுங்கள். சிகிச்சை இலவசம். மின்சாரம் இல்லாவிட்டால் மருந்துப் போத்தலைப் பொலித்தீனில் இறுகக் கட்டி, குளிர்ந்த தண்ணீருள்ள மண்பானையில் நிழலில் வையுங்கள்.

ஊசி போட்ட பிள்ளைக்கு நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.