முள்ளும் சேலையும்



"முள்ளின்மேல் சேலை பட்டாலும், சேலையின்மேல் முள் பட்டாலும் கிழிவது சேலைதான்" என்னும் பழமொழியை நாம் வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறோம். நம்மேல் உள்ள அக்கறையால்தான் பெரியோர் அதைச் சொல்கின்றனர். ஆயினும் அதில் முள்ளுக்கு ஒரு கண்டிப்பும் இல்லையே, கவனித்தீர்களா?

ஒரு நாள் வேங்கிக்காலிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கல்லூரிக்குச் செல்லும் ஓர் அக்காவை ஒருவன் வேண்டுமென்றே இடித்துக்கொண்டு நின்றான். அக்கா சத்தம் போட்டார். எல்லோரும் அவனைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தனர். "கூட்டம்னா அப்படித்தாம்மா இருக்கும், நீ தள்ளி நில்லு" என்றார் ஒரு பெரியவர். அடுத்த நிறுத்தத்தில் அக்கா இறங்கிவிட்டார். அவன் இறங்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

1998 ஜூலையில் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த இளைஞர்களின் 'கேலி'யால் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு உயிரிழந்தார். அதன் பிறகே தமிழக அரசு அவ்வாண்டில் 'ஈவ் டீசிங்' தடைச் சட்டம் கொண்டு வந்தது. ஈவ் என்றால் நம் விவிலியத்தின் ஏவாள். டீசிங் என்றால் கேலி. உயிரைப் பறித்த செயலுக்கும் கேலி என்றே பெயர்! பெயரே விளையாட்டாக இருந்தால், பார்ப்பவர்களும் விளையாட்டாகத்தானே எண்ணுவர்? 2002-இல் அச்சட்டத்தின் பெயரில் 'கேலி' போய், 'துன்புறுத்தல்' என்ற சொல் வந்தது.

பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கும் கடமை உண்டு. தென்காசியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் நடந்த நிகழ்ச்சி பற்றிய வழக்கில், 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பெண் புகார் செய்தால் ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். வழியில் காண்பவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது.

"ஆம்பிளைப் பிள்ளைன்னா அப்படி இப்படித்தான்" என்று அண்ணன் தம்பியிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அங்கேதான் முள்ளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். பெற்றோரே, எங்களுக்குச் சொல்லும் புத்திமதியில் பாதியை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

தோழியரே, அன்று நான் மௌனமாக இருந்தது இன்றும் உறுத்துகிறது. அடுத்த முறை அந்த அக்காவின் பக்கத்தில் போய் நிற்பேன், நடத்துநரை அழைப்பேன், 181 என்ற எண்ணை அவருக்குச் சொல்வேன். நீங்களும் வருவீர்களா?

— பத்தாம் வகுப்பு மாணவி