முழுமை நோக்கும் மருத்துவமும்

நோயின் மூலத்தை ஆராய்ந்தே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் ஆகிய நால்வகையையும் அவர் ஒருசேர எண்ணினார். சித்தமருத்துவத்தின் வர்மமும் தொக்கணமும் உடலை ஒன்றாகவே நோக்குவன.

1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பாமர் தொடங்கிய கைரோபிராக்டிக் முறை இவற்றோடு ஒப்பிடத்தக்கது. தண்டுவடத்தினின்று 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. முள்ளெலும்புகளின் பிசகே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்றார் பாமர். பிற்கால ஆய்வுகள் அதனை ஏற்கவில்லை. முதுகுவலிக்கு ஓரளவு பயனுண்டு என்பதோடு அவை அமைகின்றன.

எனவே முழுமை நோக்கோடு சோதனையும் வேண்டும். இதற்குக் கோவையிலேயே சான்றுண்டு. 1943-இல் தோன்றிய ஆரிய வைத்திய பார்மசி சார்ந்த ஆய்வு நிலையத்தில், முடக்குவாத நோயர் 43 பேர் மூன்று பிரிவினராக ஆராயப்பட்டனர். ஆயுர்வேத மருந்து, மெத்தோட்ரெக்சேட், இரண்டும் இணைந்தது என மருந்துகள் அமைந்தன. தமக்குக் கிடைப்பது எதுவென நோயர் அறியார். 2011-இல் வெளியான முடிவின்படி மூன்றும் ஏறத்தாழ ஒத்த பயனே தந்தன. எனினும் இது முன்னோட்ட ஆய்வே; இறுதித் தீர்ப்பன்று.

சோமனூர் விசைத்தறியிலும் திருப்பூர்த் தையல் எந்திரத்திலும் முதுகு நோக உழைக்கும் நம் மக்களுக்கு இவ்வுண்மை இன்றியமையாதது. முதுகுவலியோடு கால் மரத்தலோ, சிறுநீர் கழிப்பதில் இடரோ தோன்றின், எண்ணெய் தேய்த்து நீவுமுன் மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். பழைமை என்று தள்ளாமலும், பழைமை என்பதற்காகவே கொள்ளாமலும் ஆராய்ந்து தெளிதல் நம் கடன்.