சரக்கறிவு: கோடு போக வேண்டும், வாடிக்கையாளர் போகக் கூடாது

மளிகைக் கடை என்று பெயர் இருந்தாலும், நம்மில் பலர் கடையின் ஒரு மூலையில் ஊசி, நூல், ஹூக், பொத்தான் ஆகியவற்றையும் வைத்து விற்கிறோம். வீட்டிலிருந்தே தைப்பவர்களும் ஆரி வேலை கற்றவர்களும் பெருகிய பிறகு, அந்த மூலையில் இன்னொரு சரக்கும் சேர்ந்துவிட்டது. துணியில் கோடு போட்டு, வேலை முடிந்ததும் அழித்துவிடும் மார்க்கிங் பேனாதான் அது. சிறிய சரக்கு, சிறிய லாபம். ஆனால் தவறான பேனாவைக் கொடுத்துவிட்டால் நஷ்டம் பேனாவோடு நிற்காது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள துணி கெடும்.

எங்கள் கடையில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். வீட்டில் தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்மணி இந்தப் பேனா கேட்டு வந்தார். நீல நிறப் பேனாவை எடுத்துக் கொடுத்து, "தண்ணி பட்டாப் போயிரும்மா" என்றோம். சொன்னது அவ்வளவுதான். பத்து நாள் கழித்துப் பையுடன் வந்தார். சந்தன நிறப் பட்டு ரவிக்கைத் துணியில் படம் வரைந்து, கல்லும் ஜரிகையும் வைத்து வேலையை முடித்து, சுருக்கம் போகட்டும் என்று இஸ்திரி போட்டிருக்கிறார். நீலக் கோடுகள் பழுப்பாக மாறித் துணியிலேயே தங்கிவிட்டன. பிறகு நனைத்தும் போகவில்லை. மணப்பெண்ணின் ரவிக்கை அது. முகூர்த்தத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"போயிரும்னுதானே சொன்னீங்க அண்ணாச்சி?" என்று கேட்டார். சண்டை போடவில்லை. துணிக்கான பணத்தைக் கொடுத்தோம். அவர் இரவு பகலாகச் செய்த வேலைக்கு எங்களால் விலை போட முடியவில்லை. பேனாவில் குற்றம் இல்லை. நனைத்து அழிக்கும் முன் சூடு படக் கூடாது என்று அட்டையில் பொடி எழுத்தில் இருந்தது. அதை நாங்களும் படிக்கவில்லை, அவருக்கும் சொல்லவில்லை. அதன் பிறகு இந்தச் சரக்கைப் பற்றித் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறோம்.

எதனால் போகும்? எதனால் நிலைக்கும்?

அழியும் பேனா என்பது ஒரே சரக்கல்ல. மூன்று வகை உண்டு. ஒவ்வொன்றையும் அழிப்பது ஒன்று, கெடுப்பது வேறொன்று. இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகை, தண்ணீரில் போவது. பெரும்பாலும் நீல நிறம். துவைக்கக்கூடிய பருத்தித் துணிக்கு ஏற்றது. பச்சைத் தண்ணீரில்தான் முதலில் அலச வேண்டும். வெந்நீர், சோப்பு, சோப்புத் தூள் எதுவும் அதற்கு முன் படக் கூடாது. பட்டால் கறையாக நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. இஸ்திரிப் பெட்டியின் சூடும் அப்படியே. தண்ணீர் பட்டாலே திட்டு விழும் பட்டுத் துணிக்கு இந்தப் பேனா ஆகாது.

இரண்டாவது வகை, காற்றில் தானே மறைவது. பெரும்பாலும் ஊதா நிறம். மறையும் மையின் நிறம் பொதுவாகக் காரத்தன்மை உள்ள வரையில்தான் நிற்கும். காற்றிலுள்ள கரியமில வாயு அந்தக் காரத்தை முறித்ததும் நிறம் மறைகிறது. துணியையும் காற்றின் ஈரத்தையும் பொறுத்துச் சில மணி நேரத்திலும் போகலாம். ஓரிரு நாளும் ஆகலாம். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் சீக்கிரமே மறைந்துவிடும். இன்று வெட்டி இன்றே தைப்பவருக்கு இது நல்ல சரக்கு. ஒரு வாரம் உட்கார்ந்து ஆரி வேலை செய்பவருக்கு இதைக் கொடுத்தால், பாதி வேலையில் படம் காணாமல் போகும். கோடு மறைந்தாலும் மையின் மிச்சம் நூலில் இருக்கும். சோப்பின் காரம் பட்டால் நிறம் திரும்பக்கூடும். ஆகவே மறைந்த பிறகும் வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசுவது நல்லது. கோடு மறையும் முன் இஸ்திரி கூடாது.

மூன்றாவது வகை, சூட்டில் மறைவது. ஜப்பானின் பைலட் நிறுவனம் 2006-ல் ஐரோப்பாவிலும் 2007-ல் ஜப்பானிலும் கொண்டுவந்த ஃபிரிக்ஷன் பேனா இந்த வகையில் பெயர் பெற்றது. தாளில் எழுதி, தேய்த்து அழிப்பதற்காக வந்த பேனாவைத் தையல்காரர்கள் துணிக்கும் எடுத்துக்கொண்டார்கள். சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் நிறம் மறையும். இஸ்திரிப் பெட்டியை வைத்தவுடன் கோடு போய்விடுவதால் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. ஆனால் மை துணியை விட்டுப் போவதில்லை, நிறம்தான் போகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி குளிரில் நிறம் திரும்பத் தொடங்கி, 20 டிகிரிக்குள் முழுவதும் தெரிந்துவிடும். கருநீலம், கறுப்பு போன்ற அடர்ந்த துணிகளில் கோடு இருந்த இடம் வெளுத்துத் தெரிவதும் உண்டு.

பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்புகள்

மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித் துணி என மூன்றையும் சேர்த்துத் தைக்கும் குவில்ட் விரிப்புக்கு இந்தப் பேனாக்கள் அதிகம் தேவைப்படுகின்றன. தையல் ஓட வேண்டிய கோடுகளை மேல் துணி முழுவதும் வரைய வேண்டியிருக்கும். நீலப் பேனாவால் வரைந்துவிட்டு ஈரத்துணியால் மேலாகத் துடைத்தால், கோடு போனது போலத் தோன்றும். உண்மையில் மை கரைந்து உள்ளே பஞ்சில் இறங்கியிருக்கும். காயும்போது மேலே ஏறி மறுபடி தெரியும். விரிப்பை முழுவதும் தண்ணீரில் மூழ்க வைத்து அலசுவதே வழி.

கரூர் போன்ற ஏற்றுமதி ஊர்களில் கடை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில் சூட்டுப் பேனாவின் கோடு ஒருநாளும் திரும்பாது. அதே விரிப்பு கடுங்குளிர் நாட்டுக்குப் போனால், அங்கே பனிக்காலத்தில் கோடுகள் எழுந்து நிற்கலாம். தைத்தவருக்கு அந்தச் செய்தி, திருப்பி அனுப்பிய சரக்காகத்தான் வந்து சேரும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பேனாவை எடுக்கும் முன் மூன்றே கேள்விகள் கேட்டால் போதும்.

1. என்ன துணி? தண்ணீரில் நனைக்கலாமா?
2. வேலை எத்தனை நாளில் முடியும்?
3. துணியின் நிறம் வெளிர்ந்ததா, அடர்ந்ததா?

நனைக்கலாம், நாள் ஆகும் என்றால் நீலம். நனைக்கலாம், இன்றே முடியும் என்றால் ஊதா. அடர்ந்த நிறத்துக்கு வெள்ளைச் சாக்பீஸ். நனைக்கக் கூடாத பட்டு என்றால் எந்தப் பேனாவையும் கொடுக்காமல், தட்டினால் உதிரும் தூள் வகைத் தையல் சாக்பீஸைக் கொடுக்கலாம். வேறு நிற நூலால் தளர்த்தியாக ஓட்டுத் தையல் போட்டு, பிறகு உருவிவிடும் பழைய முறையையும் சொல்லலாம். சாக்பீஸிலும் மெழுகு கலந்த வகை உண்டு. அது இஸ்திரியில் உருகிப் பட்டில் எண்ணெய்த் திட்டு விழச் செய்யும் என்பதால் அதைத் தனி டப்பாவில் வைத்திருங்கள்.

எந்தப் பேனாவானாலும், அதே துணியின் வெட்டுத் துண்டில் கோடு போட்டு அழித்துப் பார்த்த பிறகே நல்ல துணியில் வரையச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் அல்லாத விற்பனையாளரும் எப்போது பொறுப்பேற்க வேண்டும் என்று கூறுகிறது. அதில் மூன்று நமக்கு நேரடியாகப் பொருந்தும். உற்பத்தியாளர் சொல்லாத உத்தரவாதத்தை நாமாகக் கொடுத்து, பொருள் அப்படி அமையாமல் சேதம் நேர்ந்தால் நாம் பொறுப்பு. உற்பத்தியாளர் யாரென்றே தெரியாத சரக்கை விற்றுச் சேதம் நேர்ந்தாலும் நாம் பொறுப்பு. உற்பத்தியாளர் தந்த எச்சரிக்கையையும் பயன்படுத்தும் முறையையும் வாங்குபவருக்குத் தெரிவிக்காமல் விட்டு, அதனால் சேதம் வந்தாலும் நாம்தான் பொறுப்பு.

எனவே "எந்தத் துணியிலயும் போகும்" என்ற பேச்சை விட்டுவிடுவோம். பெயரும் முகவரியும் இல்லாமல் கட்டுக்கட்டாக வரும் பேனாவை மலிவு என்று கொள்முதல் செய்ய வேண்டாம். அட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்றால், அதிலுள்ள குறிப்பைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிப் பேனாவுடன் கொடுப்போம்.

சரக்கு இருப்பு

இவை சீக்கிரம் உலரும் சரக்கு. வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் வைக்காதீர்கள். இரு முனையும் எழுதும் பேனாக்களைப் படுக்க வைப்பது நல்லது. ஒரு டஜனுக்கு மேல் வாங்கிக் குவிக்காமல், பழையதை முதலில் விற்றுத் தீருங்கள்.

அந்தப் பெண்மணி இன்றும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார். பேனாவைக் கையில் வாங்கியதும், "இதுக்கு எது ஆகாது அண்ணாச்சி?" என்றுதான் முதலில் கேட்கிறார். அவர் கேட்கும் முன்பே நாம் சொல்லிவிட வேண்டும்.