பயம் ஓரிடம், ஆபத்து வேறிடம்

தென்மாவட்டத்துப் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் அந்தப் போஸ்டரைப் பார்க்காமல் யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். ஆண்மைக் குறைவு, நரம்புத் தளர்ச்சி, கைப்பழக்கத்தால் வந்த பலவீனம். இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம். நம் சங்கரன்கோவிலும் இதற்கு விலக்கல்ல. தாம்பத்தியத் திறனைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதை 1954லேயே ஒரு மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனாலும் அந்தச் சுவர்கள் சொல்லிக்கொடுத்த பயம் இன்னும் போகவில்லை. செல்போனில் ‘பெர்சனல் மசாஜர்’ என்று தேடிப் பாலுறவுச் சாதனங்களைப் பார்சலில் வரவழைக்கும் தம்பதிகளும், தனியாக வாழும் ஆண்களும் பெண்களும் இப்போது நம் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். அவர்களையும் அதே பழைய பயம்தான் ஆட்டுகிறது. இந்தச் சாதனங்களில் பயப்பட வேண்டிய விஷயங்கள் சில உண்மையிலேயே உண்டு. ஆனால் அவற்றைப் பற்றி யாரும் பயப்படுவதாகத் தெரியவில்லை.

இது பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கான பக்கம். வேண்டாம் என்று நினைப்பவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. துணைக்கு விருப்பமில்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

“வீட்டில் வைத்திருந்தாலே போலீஸ் கேஸ்”

வைப்ரேட்டர் என்று பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆபாசப் பொருட்களைப் பற்றிய பிரிவு ஒன்று இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 292, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 294. விற்பது, வாடகைக்கு விடுவது, அதற்காக இறக்குமதி செய்வது, பொது இடத்தில் காட்டுவது ஆகியவற்றைத்தான் அது பேசுகிறது. சொந்த உபயோகத்துக்கு பீரோவில் வைத்திருப்பதை அது தொடவில்லை.

எது ஆபாசம் என்பதில்தான் இத்தனை காலக் குழப்பமும். பாடி மசாஜர்களை இறக்குமதி செய்த ஒரு நிறுவனத்தின் சரக்கை, இவை பாலுறவுச் சாதனங்களாகப் பயன்படக்கூடியவை என்று சொல்லிச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. கையில் எடுத்த ஆயுதம் 1964ஆம் ஆண்டின் அறிவிப்பாணை. ஆபாசப் புத்தகம், துண்டறிக்கை, படம் போன்றவற்றைத் தடுக்கப் போடப்பட்ட ஆணை அது. தீர்ப்பாயம் பறிமுதலை ரத்து செய்தது. 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மசாஜர் தடை செய்யப்பட்ட பொருளல்ல. அது எப்படியெல்லாம் பயன்படலாம் என்ற அதிகாரியின் கற்பனையை வைத்து அதைத் தடுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இன்னும் பக்கத்தில் ஒரு கதை உண்டு. ஆரியங்காவு கணவாயைத் தாண்டிப் போனால் வரும் திருவனந்தபுரத்தில்தான் அப்போது ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் என்று பெயர் கொண்டிருந்த மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. நிரோத் ஆணுறை செய்யும் அதே நிறுவனம். 2007இல் அது ஆணுறையோடு பேட்டரியில் அதிரும் ஒரு சிறு வளையத்தையும் சேர்த்து ‘க்ரெசெண்டோ’ என்ற பெயரில் விற்றது. இது செக்ஸ் டாய், நம் பண்பாட்டுக்கு ஆகாது என்று மத்தியப் பிரதேச அமைச்சர் ஒருவர் எதிர்த்தார், நாடெங்கும் பேச்சானது. ஆணுறையை வெறுக்கும் ஆண்களை அதன் பக்கம் திருப்பத்தான் இது என்று நிறுவனம் சொன்னது. அரசாங்கக் கம்பெனியே விற்ற பொருளைப் பற்றித்தான் கேஸ் வருமா என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் சுங்கத்தில் மாட்டலாம். உள்நாட்டு விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குவதே நல்லது.

“நரம்பு தளரும், பிள்ளை பிறக்காது, பிறகு புருஷனே வேண்டாம் என்றாகிவிடும்”

மூன்றும் தனித்தனிப் பயங்கள். விந்து போனால் உயிரே போகும் என்ற கலக்கத்தால் வரும் களைப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வுக்கு ‘தாத் சிண்ட்ரோம்’ என்று 1960இல் பெயர் வைத்தவர் என்.என். விக் என்ற இந்திய மனநல மருத்துவர். அங்கே நோய் உடம்பில் இல்லை, பயத்தில் இருந்தது. சுய இன்பத்தால் நரம்பு தளராது, மலட்டுத்தன்மை வராது. 1990களின் கடைசியில் விஜய் டிவியில் வந்த ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் டாக்டர் மாத்ருபூதம் இதையெல்லாம் தமிழில் பச்சையாகவும் கண்ணியமாகவும் விளக்கினார். அவரைப் போல இன்னும் பத்துப் பேர் நமக்கு வாய்த்திருக்க வேண்டும்.

அதிர்வு சாதனங்களைப் பற்றி அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் நடத்திய பெரிய ஆய்வு 2009இல் வெளியானது. கேட்ட பெண்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பயன்படுத்தியிருந்தார்கள். பயன்படுத்தியவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஒரு பக்க விளைவையும் சந்தித்ததில்லை. நீண்ட நேரம் அழுத்தி வைத்தால் அந்த இடம் சற்று மரத்துப்போகும், சிறிது நேரத்தில் சரியாகிவிடும். ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: கடைகளில் கிடைக்கும் பல வழுவழுப்பு ஜெல்களும் எச்சிலும் விந்தணுக்களின் ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. குழந்தைக்கு முயற்சிப்பவர்கள் அதற்கென்றே உள்ள ஜெல்லை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

புருஷன் வேண்டாமல் போவது பற்றி: கல்யாணமாகி வருடக்கணக்காகியும் வலியால் உறவே நடக்காத தம்பதிகள் நம் ஊர்களில் உண்டு. பெண்ணின் தசைகள் அவளை அறியாமலே இறுகிக்கொள்ளும் நிலை அது. வஜைனிஸ்மஸ் என்பார்கள். சிறிது சிறிதாகப் பெரிதாகும் வழவழப்பான குச்சிகளை, அவளே தன் கையால், தன் வேகத்தில் பழகுவது அதற்கான சிகிச்சையின் ஒரு பகுதி. டைலேட்டர் என்று பெயர். மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சிக்கும், கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும் மருத்துவர்கள் இதைச் சொல்வதுண்டு. பிரிந்து படுத்த கணவன் மனைவியைச் சேர்த்து வைத்த சாதனம் இது.

“கன்னித்தன்மை போய்விடும்”

கன்னித்திரையைப் பார்த்து ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. சிலருக்கு அது பிறப்பிலேயே மிக மெல்லியது, சிலருக்கு உறவுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். கன்னித்தன்மைச் சோதனைகளைக் கைவிடும்படி 2018இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களிடம் செய்யப்பட்ட இருவிரல் சோதனையை 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் கண்டித்து நிறுத்தச் சொல்லின. இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இனி நாம் பயப்படாமல் விட்டவை.

“உள்ளே போனால் தொலைந்துவிடும்”

பெண்ணுறுப்பில் தொலையாது. அந்த வழியின் முடிவில் கருப்பை வாய் இருக்கிறது. பொருள் வயிற்றுக்குள் போக இடமில்லை. ஆசனவாய் அப்படியல்ல. அதற்கு மேலே குடல் நீண்டு போகிறது, தசையும் பொருளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடிப்பாகம் தட்டுப்போல அகலமாக இல்லாத எதையும் அங்கே வைக்கக் கூடாது. பாட்டில், மெழுகுவத்தி, காய்கறி, டார்ச் லைட் எதுவும் கூடாது. அறுவை சிகிச்சையில் போய் முடிந்தவை இவைதான். ஆசனவாயில் பட்டதைக் கழுவாமல் பெண்ணுறுப்பில் வைத்தால் தொற்று வரும் வாய்ப்பு அதிகம்.

ஆண்கள் உறுப்பில் போடும் வளையத்துக்கும் ஒரு விதி. இழுத்தால் விரியும் ரப்பர், சிலிகான் வகைதான் வேண்டும். இரும்பு நட்டு, மோதிரம், குழாய்த் துண்டு வேண்டாம். இருபது நிமிடத்துக்கு மேல் கூடாது. போட்டபடி தூங்கக் கூடாது. ரத்த ஓட்டம் நின்றால் உறுப்பே அழுகிப்போகும்.

“சிலிகான் என்று போட்டிருக்கிறதே”

போட்டிருந்தால் மட்டும் போதாது. பார்சலைப் பிரித்ததும் புது ஷவர் கர்ட்டன் போல ரசாயன வாடை அடிக்கிறதா, தொட்டால் பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். நல்ல சிலிகானுக்கு வாடை கிடையாது. ஜெல்லி ரப்பர், மலிவான பிவிசி வகைகளை மென்மையாக்கத் தாலேட் என்ற ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். 2006இல் நெதர்லாந்தில் கிரீன்பீஸ் அமைப்பு எட்டுப் பொருட்களைச் சோதித்ததில் ஏழில் அது இருந்தது. அந்த வகையின் நுண்துளைகளில் கிருமி தங்கும், எத்தனை கழுவினாலும் போகாது. மருத்துவத்தர சிலிகான், ஸ்டீல், போரோசிலிகேட் கண்ணாடி, கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஆகியவை நல்லவை. இந்தச் சாதனங்களுக்கென்றே ஐஎஸ்ஓ 3533 என்ற சர்வதேசத் தரம் 2021இல் வந்துவிட்டது. மட்டமான வகை ஏற்கெனவே கையில் இருந்தால், ஒவ்வொரு முறையும் புது ஆணுறை போட்டுப் பயன்படுத்துங்கள். இருவர் பகிர்ந்துகொண்டாலும் ஆள் மாறும்போது ஆணுறை மாற வேண்டும்.

“தேங்காய் எண்ணெய் இயற்கைதானே”

இயற்கைதான். ஆனால் எண்ணெய் பட்ட லேடெக்ஸ் ஆணுறை சில நிமிடங்களில் பலமிழந்து கிழியும். வாசலினுக்கும் அதே கதை. சிலிகான் ஜெல் சிலிகான் சாதனத்தை அரித்துவிடக்கூடும். மருந்துக்கடையில் கிடைக்கும், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். ‘கூலிங்’, ‘வார்மிங்’, வாசனை சேர்த்தவை வேண்டாம். அவைதான் அதிகம் எரியும். ஜெல் காய்ந்தால் மறுபடி போடுங்கள், வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர வேண்டாம். முதல் தடவை சிறியதாக, மெலிதாக இருப்பதே போதும். குறைந்த வேகத்தில், முதலில் தொடையில் வைத்துப் பார்த்து, பிறகு உள்ளாடைக்கு மேலேயே தொடங்கலாம். குடித்திருக்கும்போது வேண்டாம், உணர்வு தெரியாமல் காயமாகும்.

கழுவுவதற்கு மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். டெட்டால், பினாயில், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். அவற்றின் மிச்சம் மெல்லிய சருமத்தைச் சுட்டுவிடும். மோட்டார் இல்லாத ஸ்டீலையும் சிலிகானையும் கொதிக்க வைக்கலாம். துடைத்து நன்றாக உலர்த்தித் துணிப்பையில் வையுங்கள். மெத்தைக்கடியில் சார்ஜ் போடக் கூடாது, லித்தியம் பேட்டரி சூடானால் தீப்பிடிக்கலாம்.

நீண்ட நாள் சர்க்கரை நோயால் உணர்வு மங்கியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். பிரசவமானவர்கள் ஆறு வாரமாவது காத்திருக்க வேண்டும். நீர்க்கடுப்போ வெள்ளைப்படுதலோ இருக்கும்போது எதுவும் வேண்டாம். எரிச்சலும் அரிப்பும் வந்தால் சங்கரன்கோவில் கோமதி அம்மன் கோவில் புற்று மண்ணை நம்பிக்கையோடு நெற்றியில் பூசிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் மட்டும் பூசாதீர்கள். மண் எதுவானாலும் புண்ணில் தொற்றைக் கூட்டும். அங்கே மருத்துவர் பார்க்க வேண்டும்.

பொருள் உள்ளே மாட்டிக்கொண்டாலோ, வளையம் கழலாமல் வீங்கினாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ இடுக்கி, கரண்டி, பேதி மாத்திரை எதையும் முயலாதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போய், என்ன பொருள், எத்தனை மணிக்கு என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வண்டி வேண்டுமென்றால் 108.