எழில்: தமிழில் ஒரு நிரல்மொழி

நுழையும்முன்

பெரம்பலூரில் சின்ன வெங்காயம் பயிரிடும் உழவர், எடையையும் விலையையும் தமிழிலேயே மனக்கணக்காகப் போடுகிறார். அவர்தம் பிள்ளை அதே கணக்கைக் கணினிக்குச் சொல்ல விழைந்தால், முதலில் ஆங்கிலச் சொற்களைக் கற்க வேண்டியுள்ளது. அத்தடையை நீக்க எழுந்த முயற்சியே ‘எழில்’.

நோக்கம்

கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். பொறியாளர் முத்து அண்ணாமலை 2007ஆம் ஆண்டின் இறுதியில் உருவாக்கத் தொடங்கிய எழில், 2009இல் அறிவிக்கப்பட்டது. பள்ளி மாணவர் தாய்மொழிவழியே நிரலாக்கச் சிந்தனையைப் பெறுதலே இதன் நோக்கம். பைத்தான், சி++ போன்ற மொழிகளுக்கு இது மாற்றன்று. அவற்றை நோக்கிச் செல்வதற்கான முதற்படி.

தமிழின் தொடரமைப்பு

எழில், ஆங்கிலக் கட்டளைகளைத் தமிழ்ச் சொற்களால் பெயர்த்ததோடு நிற்கவில்லை. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே வரும். தமிழில் அது பின்னே வரும். எழிலும் அம்முறையையே பின்பற்றுகிறது.

@( எடை > 50 ) ஆனால்
  பதிப்பி "இரண்டாம் மூட்டை தேவை"
முடி

‘எடை ஐம்பதுக்கு மேல் ஆனால்’ என்று நாம் பேசும் முறையிலேயே நிரலும் அமைவதைக் காணலாம்.

உரிமம் காக்கும் உரிமை

எழில், குனு பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டுள்ளது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வகுத்த இவ்வுரிமம் நான்கு உரிமைகளை அளிக்கிறது: எந்நோக்கத்திற்கும் இயக்கலாம், மூல நிரலை ஆராய்ந்து மாற்றலாம், படியெடுத்துப் பகிரலாம், மாற்றிய வடிவத்தையும் வழங்கலாம். விலைக்கு விற்கவும் தடையில்லை. ஆயினும், மாற்றிய வடிவத்தைப் பிறருக்கு வழங்குபவர் அதன் மூல நிரலையும் அதே உரிமத்தின்கீழ் அளித்தாக வேண்டும்.

இந்நிபந்தனை ஏன்? அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் போன்ற ஏரிகளை எண்ணிப் பார்க்கலாம். தலைமடையில் உள்ளவர் வாய்க்காலை அடைத்துக்கொண்டால் கடைமடை வயல் காயும். நீர் பகிரப் பகிரக் குறையும், நிரலோ குறைவதில்லை. ஆனால், நிரலையும் அடைக்க முடியும். மூல நிரலை மறைத்துவிட்டால், பிறர் அதைக் கற்கவோ திருத்தவோ இயலாது.

எழிலின் இயக்கி, பைத்தானில் எழுதப்பட்டது. பைத்தானும் திறந்த மூல மொழியே. எனினும் அதன் உரிமம், மாற்றிய வடிவத்தை மூடி வைக்கவும் இடமளிக்கிறது. பரவலை விரிவாக்க அத்தளர்வு துணைபுரியும். பொதுவில் வைத்ததைப் பொதுவிலேயே நிலைநிறுத்தக் குனு உரிமம் துணைபுரியும். எதை முதன்மையாகக் கருதுகிறோமோ அதற்கேற்பவே உரிமம் தெரிவுசெய்யப்படுகிறது.

சிற்றூர் மாணவர் ஒருவர் எழிலில் குறை கண்டால், எவரிடமும் இசைவு கேளாமல் அதைத் திருத்தலாம். திருத்தியதைத் தம் வகுப்பினருக்கும் வழங்கலாம். பயன்படுத்துவோரைப் படைப்போராகவும் உயர்த்துவதே கட்டற்ற உரிமத்தின் பயன்.

கற்பவை கற்றபின்

1. நிபந்தனைத் தொடர்கள் ஐந்தினைத் தமிழில் எழுதி, எழில் நிரல் வடிவில் அமைக்க.
2. ‘பகிர்வதால் குறையாத செல்வத்திற்கும் காவல் தேவை’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.